இடதுசாரி அரசியலும் இஸ்ரேலும்: யூத சமயப் பார்வைகள்

இடதுசாரி அரசியலைப் பற்றியும், மேலைநாடுகளில் இஸ்ரேலுக்கான ஆதரவு குறைந்துவருவதைப் பற்றியும் சமய நெறிப்படி வாழும் யூதர்களிடையே நான்கு முதன்மையான நிலைப்பாடுகள் உள்ளன. இடதுசாரிகளின் இஸ்ரேல் எதிர்ப்பைப் பழைய யூத வெறுப்பின் புதிய வடிவமாகக் காண்பது ஒன்று. தீர்க்கதரிசிகளின் நீதிக் குரலை முன்வைத்து இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது இரண்டாவது. சியோனியராக, அதாவது யூதத் தாயக அரசை ஆதரிப்பவராக, இருந்துகொண்டே நிலத்தைவிட உயிரையும் அறத்தையும் மேலாக வைப்பது மூன்றாவது. மெசியா வருவதற்குமுன் யூத அரசே கூடாது என்பது நான்காவது. இந்த நான்கிலும் ஆழ்ந்த பக்தியுடையோர் உண்டு. பக்தி மிகுந்தவர் அனைவரும் வலதுசாரிகள் என்ற பரவலான எண்ணம் யூத சமய வரலாற்றோடு பொருந்தாது.

மறைநூல் அடிப்படை

எல்லாத் தரப்பினரும் ஒரே நூல்களிலிருந்துதான் வாதிடுகின்றனர். ஆபிரகாமின் வழித்தோன்றல்களுக்கு அளிக்கப்பட்ட நில வாக்குறுதி சமயச் சியோனியத்தின் அடித்தளம். அந்நியரை ஒடுக்கக் கூடாது என்ற கட்டளையும், ஆமோஸ், ஏசாயா போன்ற தீர்க்கதரிசிகள் ஏழைகளுக்காக எழுப்பிய குரலும் சமய இடதுசாரிகளின் ஆதாரம். அந்நியரைப் பற்றிய எச்சரிக்கை யூதரின் முதன்மை மறைநூலான தோராவில் 36 இடங்களில் வருவதாக, ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் கணக்கிடுகிறது.

தல்மூதின் கெத்துபோத் பகுதியில், 111ஆம் ஏட்டில், மூன்று ஆணைகள் கூறப்படுகின்றன. யூதர்கள் பெருந்திரளாக வலிந்து அந்த நிலத்துக்குச் செல்லக் கூடாது; உலக நாடுகளை எதிர்த்துக் கலகம் செய்யக் கூடாது; அந்நாடுகளும் யூதரை அளவுமீறி ஒடுக்கக் கூடாது. சியோனியத்தை மறுக்கும் ஹரேதிகள், அதாவது கடும் ஆசார யூதர்கள், இதையே முதன்மையாகக் காட்டுவர். உயிரைக் காக்க ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளையும் மீறலாம் என்ற நெறியும் உண்டு. பிக்குவாஹ் நெஃபெஷ் எனப்படும் அந்த நெறி, சமாதானத்துக்காக நிலத்தை விட்டுக்கொடுக்கலாமா என்ற விவாதத்தின் மையத்தில் நிற்கிறது.

இடதுசாரிகளுடனான பழைய உறவு

ஐரோப்பாவில் இடதுசாரிகளோடு சமய யூதரின் உறவு கசப்போடுதான் தொடங்கியது. 1897இல் வில்னாவில் உருவான பூந்து என்ற யூதத் தொழிலாளர் இயக்கம் சமயச் சார்பற்றது. சியோனியத்தையும் அது ஏற்கவில்லை. ரஷ்யப் புரட்சிக்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இயங்கிய யெவ்செக்ட்சியா என்ற யூதப் பிரிவு, தொழுகைக்கூடங்களையும் சமயப் பள்ளிகளையும் மூடுவதில் முன்னின்றது. லுபாவிச் மரபின் தலைவரான ரபி யோசெஃப் யித்ஸ்ஹாக் ஷ்நேயர்சோன் 1927இல் லெனின்கிராடில் கைது செய்யப்பட்டு, அதே ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேறினார். கிழக்கு ஐரோப்பிய வேர்கொண்ட, மரபு நெறி வழுவாத ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் பலவற்றில், இடதுசாரி என்றாலே வழிபாட்டைத் தடைசெய்தவர்கள் என்ற நினைவு தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. குடியேறிய யூதர்கள் தொழிற்சங்கங்களிலும், பின்னர் ஜனநாயகக் கட்சியிலும் இடம்பிடித்தனர். ரபி ஏபிரகாம் ஜோஷுவா ஹெஷெல் 1965இல் செல்மா நகரில் மார்ட்டின் லூதர் கிங்குடன் அணிவகுத்தார். வியட்நாம் போரை எதிர்த்தார். 1967 போருக்குப் பின் இஸ்ரேலின் ஆன்மிகப் பொருளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இவை மூன்றும் ஒரே நம்பிக்கையிலிருந்து எழுந்தவை என்பது அவருக்கு இயல்பாகவே இருந்தது.

சியோனியத்துக்குள்ளும் சமய இடதுசாரி மரபு இருந்தது. 1922இல் தோன்றிய ஹபோயெல் ஹமிஸ்ராஹி இயக்கம், தோராவும் உழைப்பும் என்ற கொள்கையை ஏற்றுச் சமயக் கிபுட்ஸ்களை, அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளை, வளர்த்தது. 1956இல் இஸ்ரேலில் உருவான தேசிய சமயக் கட்சி, 1977 வரை பெரும்பாலும் தொழிற்கட்சியின் கூட்டணியிலேயே இருந்தது. உலக இடதுசாரிகளும் அன்று இஸ்ரேலுக்கு எதிரிகள் அல்லர். 1947இல் பாலஸ்தீனப் பிரிவினைத் திட்டத்தைச் சோவியத் ஒன்றியம் ஆதரித்தது. 1948 போரில் செக்கோஸ்லோவாக்கியா இஸ்ரேலுக்கு ஆயுதம் அளித்தது.

1967க்குப் பின் திருப்பம்

1967 போரில் மேற்குக் கரையும் காசாவும் கிழக்கு ஜெருசலேமும் இஸ்ரேலின் பிடிக்குள் வந்தன. சோவியத் ஒன்றியம் தூதரக உறவை முறித்தது. மேலைநாடுகளின் புதிய இடதுசாரிகள் இஸ்ரேலைக் குடியேற்ற ஆதிக்கமாகக் காணத் தொடங்கினர். சியோனியம் ஒருவகை இனவாதம் என 1975இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது, அத்தீர்மானம் 1991இல் நீக்கப்பட்டது.

அதே காலத்தில் சமயச் சியோனியமும் இடம் மாறியது. ரபி ஸ்வி யெஹூதா குக்கின் மாணவர்கள் 1974இல் கூஷ் எமுனிம் என்ற குடியேற்ற இயக்கத்தைத் தொடங்கினர். மேற்குக் கரையில் வீடு கட்டுவது மீட்பை விரைவுபடுத்தும் சமயக் கடமை என அவர்கள் நம்பினர். 1977இல் வலதுசாரி லிகுட் கட்சி ஆட்சிக்கு வந்தபோது தேசிய சமயக் கட்சியும் அந்தப் பக்கம் சேர்ந்தது. ஆகவே, இடதுசாரிகள்தாம் இஸ்ரேலைக் கைவிட்டனர் என்பதோ, சமயவாதிகள்தாம் வலப்பக்கம் ஓடினர் என்பதோ தனித்து நின்றால் அரைகுறை வரலாறாகிவிடும். இரு நகர்வுகளும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தன. ஒன்றை ஒன்று வலுப்படுத்தின.

பிரிவுகளும் நிலைப்பாடுகளும்

ஹரேதிகள்: சத்மார் மரபின் தலைவர் ரபி யோயெல் டைட்டல்பாம் (1887–1979), 1961இல் வெளியிட்ட வயோயெல் மோஷே நூலில் மூன்று ஆணைகளின் அடிப்படையில் யூத அரசை மறுத்தார். 1938இல் ஜெருசலேமில் தோன்றிய நெத்துரேய் கார்த்தா என்ற சிறு குழு பாலஸ்தீன ஆதரவுப் பேரணிகளில் தவறாமல் காணப்படுகிறது. அதன் உறுப்பினர்கள் சிலர் 2006இல் தெஹ்ரானில் நடந்த, நாஜிகள் நிகழ்த்திய யூதப் பேரழிவை ஐயுறும் மாநாட்டில் பங்கேற்றபோது சத்மாரும் அவர்களைக் கண்டித்தது. இவர்களின் இஸ்ரேல் மறுப்பு இடதுசாரிச் சிந்தனையிலிருந்து பிறந்ததன்று. குடும்பம், பாலினம், கல்வி ஆகியவற்றில் இவர்கள் கடும் பழமைவாதிகள்.

இஸ்ரேலின் ஹரேதித் தலைவர்கள் நில விவகாரத்தில் நெகிழ்வு காட்டியதும் உண்டு. உயிர்களைக் காக்குமானால் நிலத்தைத் திருப்பித் தரலாம் என ரபி ஓவாதியா யோசெஃப் 1979இல் தீர்ப்புரைத்தார். ரபி எலாசார் ஷாஹும் நில விட்டுக்கொடுப்பை எதிர்க்கவில்லை. ஆனால் 1990இல் அவர் ஆற்றிய உரை, மரபைத் துறந்த கிபுட்ஸ் வாழ்வைச் சாடி, தொழிற்கட்சி ஆட்சியமைக்கும் முயற்சியைத் தடுத்தது. எல்லைக்கோட்டில் இடதுசாரிகளோடு உடன்பட்டவர், சாபத்து நாளையும் உணவு நெறியையும் கைவிட்ட வாழ்க்கைமுறையில் அவர்களோடு உடன்படவில்லை.

சமயச் சியோனியர்: பெரும்பான்மையினர் இன்று வலதுசாரிகள். சிறுபான்மை மரபு ஒன்றும் அறுபடாமல் தொடர்கிறது. சிந்தனையாளர் யெஷாயாஹு லெய்போவிட்ஸ் (1903–1994), கைப்பற்றிய பகுதிகளை ஆள்வது இஸ்ரேலையே சீரழிக்கும் என்று 1967 போரை அடுத்தே எச்சரித்தார். அரசையும் மண்ணையும் புனிதமாக்குவது சிலைவழிபாடு என்றார். 1975இல் ஓஸ் வெ-ஷாலோம் என்ற சமயச் சமாதான இயக்கம் எழுந்தது. யூதப் பேரழிவிலிருந்து தப்பியவரும் ஹர் எத்சியோன் சமயக் கல்லூரியின் தலைவருமான ரபி யெஹூதா அமித்தால் 1988இல் மெய்மாத் இயக்கத்தை நிறுவினார். 2023இல் ஜெருசலேமில் மாநாடு கூட்டிய ஸ்மோல் எமூனி, அதாவது நம்பிக்கையுள்ள இடதுசாரிகள், இம்மரபின் இன்றைய தொடர்ச்சி.

சீர்திருத்த யூதம்: அமெரிக்கச் சீர்திருத்த ரபிகள் 1885இல் பிட்ஸ்பர்க் அறிக்கையில், தாங்கள் ஒரு தேசமல்ல, சமயச் சமூகமே என அறிவித்துப் பாலஸ்தீனத்துக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டனர். 1937இல் கொலம்பஸ் அறிக்கை அதைத் திருத்தி, யூதத் தாயகத்தைக் கட்டியெழுப்ப உதவுவதைக் கடமையாக்கியது. இன்று சீர்திருத்தப் பிரிவிலும் கன்சர்வேட்டிவ் என்ற மற்றொரு சமயப் பிரிவிலும் பெரும்பாலான ரபிகள் தாராளவாதச் சியோனியர்கள். ஜெருசலேமின் புனித மேற்குச் சுவரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வழிபட 2016இல் ஏற்கப்பட்ட உடன்பாட்டை 2017இல் இஸ்ரேல் அரசு நிறுத்திவைத்தது அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. சியோனியத்தை முற்றிலும் மறுக்கும் தொழுகைச் சமூகங்களும் தோன்றியுள்ளன. சிகாகோவின் செதெக் 2022இல் அந்நிலையை முறைப்படி அறிவித்தது.

ஆதரவுச் சரிவும் விளக்கங்களும்

அமெரிக்காவில் காலப் நிறுவனத்தின் 2023 கருத்துக்கணிப்பில் முதன்முறையாக ஜனநாயகக் கட்சியினரில் இஸ்ரேலியர் மீது பரிவுடையோரைவிட (38 விழுக்காடு) பாலஸ்தீனர் மீது பரிவுடையோர் (49 விழுக்காடு) அதிகமாயினர். பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில் இஸ்ரேலை ஏற்காத அமெரிக்கர் 2022இல் 42 விழுக்காடாக இருந்து 2025இல் 53 விழுக்காடாயினர். அமெரிக்க யூதருக்குள்ளும் தலைமுறைப் பிளவு உண்டு. பியூ மையத்தின் 2020 ஆய்வில், இஸ்ரேலோடு உணர்வுப் பிணைப்புடையோர் 65 வயதைக் கடந்தவரில் 67 விழுக்காடு. 30 வயதுக்குட்பட்டவரில் 48. யூதரில் 71 விழுக்காட்டினர் ஜனநாயகக் கட்சிப் பக்கம் நிற்க, ஆர்த்தடாக்ஸ் பிரிவினரில் 75 விழுக்காட்டினர் குடியரசுக் கட்சிப் பக்கம் நின்றனர்.

இச்சரிவுக்குச் சமயத் தலைவர்கள் தரும் விளக்கங்கள் வேறுபடுகின்றன. பிரிட்டனின் தலைமை ரபியாக இருந்த ஜொனாதன் சாக்ஸ் (1948–2020), யூத வெறுப்பு முன்பு சமயத்தைக் குறிவைத்தது, பின்பு இனத்தை, இன்று யூத நாட்டை என விளக்கினார். அவருக்குப் பின்வந்த எஃப்ராயிம் மிர்விஸ் 2019 தேர்தலுக்குமுன் பிரிட்டன் தொழிற்கட்சித் தலைமையை வெளிப்படையாகக் கண்டித்தார். அக்கட்சி யூதரைத் துன்புறுத்தியதிலும் பாகுபாடு காட்டியதிலும் சட்டத்தை மீறியதாக, சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2020இல் முடிவுசெய்தது. ஆர்த்தடாக்ஸ் தலைவர்கள் பலர், தோராக் கல்வி தேய்ந்த இடத்தில் இஸ்ரேல் பிணைப்பும் தேய்வதாகக் கூறுவர். சமய இடதுசாரிகளோ ஆக்கிரமிப்பும் குடியேற்றங்களும்தாம் இளைஞரை விலக்குகின்றன என்பர்.

2023க்குப் பின்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நாட்களில் தம் முற்போக்குத் தோழர்கள் காட்டிய மௌனத்தைக் கைவிடுதலாக உணர்ந்ததாகத் தாராளவாத ரபிகள் பலர் கூறினர். அதைத் தொடர்ந்த காசா போரில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் உயிரிழந்தனர், பசி பரவியது. 2025 ஆகஸ்டில் சுமார் 80 ஆர்த்தடாக்ஸ் ரபிகள், ஹமாஸின் குற்றத்தைக் கண்டித்தவாறே, காசா மக்களின் பட்டினிக்கும் மேற்குக் கரைக் குடியேறிகளின் வன்முறைக்கும் எதிராக அறத்தெளிவு வேண்டும் என அறிக்கை வெளியிட்டனர். அதே ஆண்டு நியூயார்க் மேயர் தேர்தலில், இஸ்ரேலைக் கடுமையாக விமர்சிக்கும் வேட்பாளர் சோஹ்ரான் மம்தானிக்கு எதிரான கடிதத்தில் நூற்றுக்கணக்கான ரபிகள் கையெழுத்திட்டனர். சத்மாரின் ஒரு பிரிவைச் சேர்ந்த தலைவர் ஒருவரோ அவரை ஆதரித்தார்.

ஆர்த்தடாக்ஸ் ரபிகளின் அந்த அறிக்கை இந்த வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. கையெழுத்திட்டவர்களில் பலர் வாழ்நாள் முழுதும் சியோனியர்கள். இஸ்ரேலின் பாதுகாப்பில் அக்கறை உடையவர்கள். இஸ்ரேலைக் கண்டிப்போர் அனைவரும் யூத வெறுப்பாளர் என்ற வாதத்துக்கும், இஸ்ரேலை நேசிப்போர் அனைவரும் ஒடுக்குமுறையின் கூட்டாளிகள் என்ற வாதத்துக்கும் அவர்களுடைய நிலை ஒருசேர மறுப்பாகிறது. யூத சமயத்தின் விவாத மரபை அறிய விரும்புவோர் எந்த ஒரு தரப்பையும் யூதரின் ஒரே குரலாகக் கொள்ளாமல், தல்மூத் எதிரெதிர்க் கருத்துகளை ஒரே ஏட்டில் பதிந்து வைத்திருப்பதுபோல, இத்தரப்புகள் அனைத்தையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.