மறுத்தவர் காத்த வாதம்

கடவுள் உண்டெனக் கொள்வது அறிவுக்குப் பொருந்துமா என்னும் வினா இன்று நேற்றுப் பிறந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் முதலில் வந்து வழக்குரைப்பவன் உலகாயதன்.

காட்சி ஒன்றே அளவை. காணப்படாத கடவுள் இல்லை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடச் செம்மை தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூட உணர்வு தோன்றும் என்பது உலகாயதர் கொள்கை. காட்சி ஒன்றே அளவையாயின், புகை கண்டு நெருப்புண்டெனத் துணிவது எங்ஙனம் என்று வினவினர் கடவுட்கொள்கையினர்.

ஆசிரியர் எதிராளியின் கூற்றை முதலிற் கூறிப் பின்னரே மறுக்கின்றார். உலகாயதரின் மூலநூல்கள் பெரும்பாலும் மறைந்தொழிந்தன. அவர்தம் வாதத்தை இன்று அறிய விழைவோர், அதனை மறுத்தவர்களின் ஏடுகளையே நாடவேண்டியுள்ளது. பகைவர் வாய்மொழியாதலின் அது முழுமையானதென்று கொள்ளல் இயலாது. ஆயினும், மறுப்பாரைப் பேசவிட்ட பின்னரே தன் நம்பிக்கையை நிலைநாட்ட முற்பட்ட அப்புலமை மரபு போற்றத்தக்கது.