பெட்டியா, பாஸ்புக்கா?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருந்து கிடைக்கிறதே என்று புகழ்கிறவர்கள் பெரும்பாலும் டெண்டரைத்தான் புகழ்கிறார்கள். 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு இயக்ககமும் தன் போக்கில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தது. கழகம் வந்த பிறகு முந்நூறுக்கும் குறைவான மருந்துகளோடு அத்தியாவசியப் பட்டியல் ஒன்று உருவானது. கொள்முதல் பிராண்டு பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் நடந்தது. தொகுதி தொகுதியாக மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். விலை இறங்கியது. பின்னாளில் கேரளம் 2007-லும் ராஜஸ்தான் 2011-லும் இதைப் பார்த்தே தங்கள் கழகங்களை அமைத்தன. இதெல்லாம் சரிதான். ஆனால் மருந்து மாவட்டக் கிடங்குவரை எப்படி வந்தது என்பதற்கு மட்டுமே இது பதில். கிடங்கிலிருந்து நோயாளியின் கைக்கு வந்த வழி வேறு. அந்தப் பாதியைச் சாதித்தது ஒரு பாஸ்புக்கும், அதை வைத்துக் கணக்குப் போடத் தெரிந்த மருந்தாளுநரும்தான் என்பது என் கட்சி.

பாஸ்புக் என்றால் ஏறத்தாழ வங்கிப் பாஸ்புக்தான். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கீடு செய்து அதில் பதிந்துவிடுவார்கள். நிலையத்திலிருந்து இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதிக்கொண்டு கிடங்குக்குப் போனால், எடுத்த மருந்தின் மதிப்பைக் கழித்து மீதியைக் குறித்துத் தருவார்கள். எந்த மருந்து, எத்தனை என்று மேலிடம் சொல்லாது. பட்டியலுக்குள், தொகைக்குள், கேட்பது நிலையத்தின் உரிமை. டெட்டனஸ் ஊசி போதுமான அளவு இருக்கிறது, சொறிசிரங்குக் களிம்புதான் தீர்ந்துபோகிறது என்றால் அதற்கேற்ப எழுதலாம். தேவையில்லாததை வாங்கினால் தன் பணமே குறையும் என்பதால், அலமாரியில் கிடந்து காலாவதி ஆகும் மருந்துக்கு முதல்முறையாக ஒரு சொந்தக்காரர் வந்தார்.

இது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பது அந்தக் காலத்து மற்ற வழிகளைப் பார்த்தால் விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 1977-ல் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்ட பிறகு, கென்யாவும் தான்சானியாவும் 1980-களில் கிராம நிலையங்களுக்கு முத்திரையிட்ட பெட்டிகளை அனுப்பின. எல்லா நிலையத்துக்கும் ஒரே பெட்டி, அதற்குள் ஒரே மருந்துகள். திருட்டு குறைந்தது, கணக்கு எளிதானது. ஆனால் சில மருந்துகள் குவிந்தன, சில பாதியிலேயே தீர்ந்தன. இந்தியாவிலும் 1992-ல் தொடங்கிய குழந்தை நலம், பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் துணை சுகாதார நிலையங்களுக்கு ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பெட்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தன: ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சத்து மாத்திரை, வைட்டமின் ஏ கரைசல், இன்னும் சில. பெட்டி வருகிற இடத்தில் செவிலியர் எண்ண வேண்டியதில்லை. வந்ததைக் கொடுத்தால் போதும். பாஸ்புக்கோ கடைசிப் படியில் இருப்பவரை யோசிக்கச் சொல்கிறது.

டெண்டர் இல்லாமல் பாஸ்புக் என்ன செய்திருக்கும் என்று கேட்பார்கள். ஒன்றும் செய்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். காலிக் கிடங்கில் நின்று இன்டென்ட் நீட்டிப் பயனில்லை. என்றாலும் கொள்முதலை மட்டும் சீராக்கி, கீழே என்ன செலவாகிறது என்ற தகவல் மேலே வராமல் விட்டால், அடுத்த ஆண்டு டெண்டரில் எவ்வளவு வாங்குவது என்பதே ஊகமாகிவிடும். அந்தத் தகவல் பிறக்கும் இடம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இருப்புப் பதிவேடு. ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ–நிசான் ஆலை போன்ற இடங்களில் பாகம் தீர்ந்த இடத்திலிருந்து கேட்பு பின்னோக்கிப் போகும், அதன்படியே அடுத்த பாகம் வரும். கார் ஆலைகள் ஒரகடத்துக்கு வருவதற்கு முன்பே மருந்துத் துறையில் அந்த முறை நடைமுறையில் இருந்தது என்பதை அந்த ஊர் வழியே போகிற எத்தனை பேர் அறிவார்கள்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில்தான் பெட்டிக்கும் பாஸ்புக்குக்கும் உள்ள வேறுபாடு இன்று முழுக் கனத்தோடு தெரிகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாடறிந்த அளவுகோல். அந்தத் தலைகள் 2011 மக்கள்தொகைக் கணக்கில் எண்ணப்பட்டவை. அதற்குப் பின் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கியவர்கள் எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறார்கள்? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். தலைக்கணக்கை நம்பி அனுப்பும் பெட்டி இங்கே முதல் மாதமே பொய்த்துவிடும். எத்தனை மாத்திரை செலவானது என்ற கணக்கு மட்டுமே இங்கே உண்மை பேசும்.

எல்லாம் கணினியில் வந்துவிட்டதே, இனி இந்தக் கணக்கை ஊழியருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கிடங்கிலிருந்து நிலையத்துக்குப் போனதைக் கணினி துல்லியமாகச் சொல்லும். நிலையத்திலிருந்து துணை நிலையத்துக்குப் போய் அங்கே அலமாரியில் கிடப்பதை யாராவது எண்ணிப் பதிந்தால்தான் அதற்குத் தெரியும். பதியாவிட்டால் அனுப்பியதெல்லாம் செலவானதாகவே நினைத்துக்கொள்ளும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு மாதம் மெட்ஃபார்மின் 3,000 மாத்திரை செலவானது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதத்தில் 10 நாள் ஸ்டாக்கே இல்லை. அப்படியானால் தேவை 3,000 அல்ல. 20 நாளில் 3,000 என்றால் நாளுக்கு 150, முப்பது நாளுக்கு 4,500. மருந்து இல்லாத நாட்களைக் கழிக்காமல் பழைய செலவையே அடுத்த இன்டென்டாக எழுதுகிறவர், தட்டுப்பாட்டைத் தன் கையாலேயே அடுத்த மாதத்துக்கும் கொண்டுபோகிறார். காலாவதித் தேதி முந்தியதை முன்னால் அடுக்குவதும் இப்படித்தான். தெரிந்தவருக்குச் சாதாரணம், சொல்லித்தரப்படாதவருக்குத் தானாக வராது.

செவிலியர் தலையில் இன்னொரு பதிவேடா என்ற எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிரசவக் கணக்கு என்று அவர்கள் எழுதாத நோட்டு இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. கொண்டுபோகிறவர்கள் சுய உதவிக் குழுப் பெண்களான தன்னார்வலர்கள். கணக்கில் இப்படி ஒரு படி கூடியிருக்கிறது. ஆகவே புதிய பதிவேடு வேண்டாம், இருக்கும் நோட்டுகளில் சிலவற்றை நிறுத்தலாம். ஒரு மருந்துக்கு ஓர் அட்டை போதும்: வந்தது, போனது, மீதி, இல்லாத நாட்கள். பெட்டி முறைக்குத் திரும்புவதால் வேலை குறையும் என்பது மட்டும் தவறு. அந்த வேலை, மாத்திரை இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போகிறவரின் தலையில் விழும். பூந்தமல்லி பொதுச் சுகாதார நிறுவனத்திலும் மாவட்டப் பயிற்சிகளிலும் கிராம சுகாதார செவிலியருக்கும் தன்னார்வலருக்கும் இந்தக் கணக்குக்கென்று ஒரு முழு நாளை அரசு ஒதுக்க வேண்டும். அதை ஒரகடம் பகுதியிலிருந்தே தொடங்க வேண்டும்.