பெண்பிள்ளை சுன்னத்: எகிப்தின் உலமாக்கள் கடந்து வந்த பாதை



பொதுவெளியில் எழுதக் கூச்சமான விசயம்தான். ஆனால் நமது குழந்தைகளின் உடம்பு சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். முழுமையாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

பெண்குழந்தை பிறந்து நாற்பதாம் நாளளவில் ஒஸ்தா மாமியைக் கூப்பிட்டு சுன்னத் செய்யும் வழக்கம் நம்மில் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. பல வாப்பாமாருக்கு அது நடந்ததே தெரியாது. ஏன் செய்கிறோம் என்று கேட்டால், "மார்க்கம்" என்பதே பதில். அந்தப் பதிலை வரலாற்றோடு வைத்துப் பார்ப்போம்.

இந்த வழக்கம் இஸ்லாத்தோடு வந்ததல்ல. எகிப்தின் மெம்பிஸ் நகரில் ஒரு பெண்பிள்ளைக்கு இதைச் செய்ய வேண்டிய வயது வந்துவிட்டதாகச் சொல்லும் ஒரு பப்பைரஸ் மனு கிடைத்திருக்கிறது. அதன் காலம் கி.மு. 163. நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு 700 வருடங்களுக்கும் முந்தியது. எகிப்தில் கொப்டிக் கிறிஸ்தவர்களும் இதைச் செய்து வந்தார்கள். மறுபக்கம் மொரோக்கோ, அல்ஜீரியா, தூனிசியா முஸ்லிம்களிடம் இந்த வழக்கம் இல்லை.

குர்ஆனில் இதைப்பற்றி ஒரு வசனமும் இல்லை. அடிக்கடி ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அதிய்யா (ரழி) அவர்களின் அறிவிப்பைப் பதிவுசெய்த இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே, அது பலவீனமானது என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் வாஜிப் என்ற கருத்து இருப்பது உண்மை. மற்ற மத்ஹப்களில் பொதுவாக அப்படி இல்லை.

1994இல் கெய்ரோவில் ஐ.நா. சனத்தொகை மாநாடு நடந்தபோது, ஒரு சிறுமிக்கு இது செய்யப்படும் காட்சியை சீ.என்.என். ஒளிபரப்பியது. உலகமே அதிர்ந்தது. அன்றைய அல்-அஸ்ஹர் ஷெய்க் ஜாதுல் ஹக் இந்த வழக்கத்தை ஆதரித்துப் பத்வா கொடுத்தார். அரசாங்கமோ, "வீட்டில் வேண்டாம், ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் செய்யட்டும்" என்று ஒரு நடுவழி தேடியது. அது நிலைக்கவில்லை. 1996இல் சுகாதார அமைச்சு தடை போட்டது. 1997இல் உயர் நிர்வாக நீதிமன்றம், இதற்கு இஸ்லாத்தில் அனுமதி இல்லையென்று கூறித் தடையை உறுதிசெய்தது. ஆனால் "மருத்துவத் தேவை இருந்தால் செய்யலாம்" என்ற ஓட்டை மிஞ்சியது. அந்த ஓட்டை வழியாக டாக்டர்மார் கிளினிக்குகளில் தொடர்ந்து செய்தார்கள்.

2006 நவம்பரில் அல்-அஸ்ஹரில் கூடிய உலமாக்கள் மாநாடு இதற்கு எதிராகத் தீர்மானம் எடுத்தது. 2007 ஜூனில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி கிளினிக்கிலேயே மௌத்தானாள். செய்தது ஒஸ்தா மாமி அல்ல, டாக்டர். அதன் பிறகு எகிப்தின் பிரதம முப்தி அலி ஜும்ஆ இது ஹராம் என்று பகிரங்கமாக அறிவித்தார். அவர் ஷாபிஈ மத்ஹப் அறிஞர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 2008இல் இது சட்டப்படி குற்றமானது. 2016இலும் 2021இலும் தண்டனையைக் கூட்டினார்கள்.

அதே 2008இல் நம் நாட்டில் என்ன நடந்தது? பெண்களுக்கும் கத்னா கட்டாயம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பத்வா வெளியிட்டது. பத்து வருடம் கழித்து, 2018 மே மாதத்தில், டாக்டர்மார் இதைச் செய்யக்கூடாது என்று சுகாதார அமைச்சு சுற்றுநிருபம் அனுப்பியது. உடனே நம்மவர்களில் சிலர் பாராளுமன்றக் குழுவிடம் போய் அதை நீக்கக் கேட்டார்கள். டாக்டர் செய்தால் பாதுகாப்பு என்பது வாதம். எகிப்து பல வருடம் பரீட்சித்துத் தோற்ற வழி அது. 2014 கணக்கெடுப்பின்படி அங்கே சிறுமிகளுக்கு நடந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் மருத்துவத்துறையினரே. கத்தி கைமாறியது, வழக்கம் நிற்கவில்லை.

"எங்கட ஊரில சும்மா ஒரு கீறல்தானே" என்பார்கள். நாற்பது நாள் குழந்தையின் அந்த உறுப்பு எவ்வளவு சிறியது என்று உம்மாமாருக்குத் தெரியும். எங்கே நிறுத்துவது என்பதைக் கை எப்படி அறியும்? இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, வாழ்நாள் முழுவதும் வலிக்கும் தழும்பு, இவற்றுக்கு யார் பொறுப்பு? உலக சுகாதார நிறுவனம் குத்துவதையும் கீறுவதையும்கூட இதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆண்பிள்ளைகளின் கத்னாவோடு இதை ஒப்பிடவும் முடியாது. அதற்கு ஆதாரமும் உறுதியானது, மருத்துவப் பயனும் அறியப்பட்டது.

சுற்றுநிருபம் டாக்டரைத்தான் தடுக்கும். வீட்டுக்கு வரும் ஒஸ்தா மாமியைத் தடுக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். உம்மும்மாமாரே, மருமகளிடம் "வேண்டாம்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மீற மாட்டார்கள். வாப்பாமாரே, "அது பொம்பிளைகளின் விசயம்" என்று ஒதுங்காதீர்கள், பிள்ளை உங்களுடையதும்தான். மௌலவிமாரே, அல்-அஸ்ஹரில் ஓதியவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். அங்கு நடந்ததை மிம்பரில் ஏறி மக்களுக்குச் சொல்லுங்கள்.

அல்லாஹ் அழகிய தோற்றத்தில் படைத்துத் தந்த பிள்ளையை அப்படியே வளர்ப்போம். பகிர விரும்புபவர்கள் தாராளமாகப் பகிருங்கள்.