மீரியபெத்த: எச்சரிக்கை வந்தது, வீடு வரவில்லை



2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை.

அங்கே ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. மகல்தெனியவில் புது வீடுகள் கையளிக்கப்பட்டதோ 2016இல்தான்.

ஆகவே, கணக்கை நாமும் தெரிந்து வைப்போம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் புறப்படத் தயார். 150 என்றால் வெளியேற வேண்டும். சுவரில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று கண்டால் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தவக்குல் என்பது கைகட்டி இருப்பதல்ல. பாதுகாப்பான காணியும் வீடும் கேட்பதை நாம் நிறுத்தவும் கூடாது.