பச்சோந்தி வளர்ப்பு: விருத்தாசலம் வட்டாரத்தை முன்வைத்து

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே இனம்தான். கமேலியோ ஜெய்லானிகஸ் என்ற அறிவியல் பெயரில் 1768-இல் இயற்கையியலாளர் லாரன்டி இதை விவரித்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் காணப்படுகிறது. கடலூர் மாவட்டத்தில் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளும் கரம்புகளும் வேலிப் புதர்களும் இதற்குத் தோதான இடங்கள். சிறுவர்கள் ஓணான் என்று நினைத்துக் கல்லெறிவதும் உண்டு. ஓணான் விருட்டென்று ஓடிவிடும். பச்சோந்தி முன்னும் பின்னுமாக ஆடி ஆடித்தான் அடி வைக்கும். விஷம் கிடையாது. மிரண்டால் உடம்பை உப்பிக்கொண்டு சீறும், பிடித்தால் கடிக்கும், அவ்வளவே.

அருகில் நின்று பார்த்தால் கால்தான் முதலில் கண்ணில் படும். ஐந்து விரல்களும் இரண்டு, மூன்று எனக் கட்டாக ஒட்டி, கிளையை இடுக்கிபோலக் கவ்வுகின்றன. வாலும் இன்னொரு கை. கூம்பாகத் துருத்திய கண்கள் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் தனித்தனியே சுழலும்; இரை தென்பட்டதும் இரண்டும் ஒரே திசைக்குத் திரும்பும். அடுத்த கணம் உடல் நீளத்தையும் மிஞ்சிய நாக்கு பாய்ந்து பூச்சியை ஒட்டிக்கொண்டு திரும்பும். இருக்கும் இடத்தின் நிறத்துக்கு மாறிக்கொள்ளும் என்ற நம்பிக்கை அரசியல் மேடைக்கு உதவுமே தவிர, உண்மையில் வெப்பம், வெளிச்சம், பயம், சினம், இணை தேடல் ஆகியவைதான் நிறத்தை மாற்றுகின்றன. தோல் செல்களிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுவதை, மடகாஸ்கர் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் 2015-இல் காட்டினர்.

வளர்க்க ஆசைப்படுபவர் கூண்டு வாங்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சிறை வரை போகும். உயிரோடு பிடிப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். ‘தோட்டத்தில் தானாக வந்தது’ என்ற சமாதானம் எடுபடாது. சட்டம் ஒருபுறமிருக்க, புதரிலிருந்து பிடித்து வந்த பச்சோந்தி கூண்டில் பெரும்பாலும் இரை எடுக்காமல் மெலிந்து சாகும்.

வீட்டு வளர்ப்பில் உலகெங்கும் இருப்பவை ஏமன், சவூதி அரேபியாவைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தியும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியும். இவை வனவிலங்கு வணிகத்துக்கான சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட சட்டமும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இத்தகைய அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். தாள் இல்லாமல் விற்பவரிடம் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

இந்த அயல்நாட்டுப் பச்சோந்திகளுக்குக் கண்ணாடித் தொட்டி ஆகாது. காற்றோட்டமுள்ள வலைக்கூண்டு வேண்டும். வளர்ந்த ஒன்றுக்கு 4 அடி உயரம், 2 அடி அகலம். உள்ளே செம்பருத்தி, மணி பிளான்ட், குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள். கூண்டுக்கு ஒன்றுதான், இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று பார்த்தே நலிந்துபோகும்.

தண்ணீர் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். விருத்தாசலத்துக்காரர் அழகான பீங்கான் கிண்ணம் ஒன்றை வைக்கத்தான் முதலில் நினைப்பார். பச்சோந்தி அதைப் பொதுவாக ஏறெடுத்தும் பார்க்காது. தேங்கிய நீரைக் குடிநீராக அது அறிவதில்லை. இலை நுனியில் தொங்கும் துளியைத்தான் நக்கும். எனவே காலை மாலை இலைகள் நனையத் தெளிக்க வேண்டும், சொட்டு நீரும் வைக்கலாம். கண் குழி விழுந்தாலும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமானாலும் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். கிண்ணம் வீணாகாது, இரைப் பூச்சிகளைப் போட்டு வைக்க உதவும்.

இரை: சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, புழுக்கள். அவற்றுக்குக் கீரையும் காயும் கொடுத்து வளர்த்து, கால்சியம் தூள் தடவிப் போட வேண்டும். வயலில் பிடித்தவற்றில் பூச்சிக்கொல்லி இருக்கலாம். முந்திரிக்கு மருந்தடிக்கும் பருவத்தில் தோப்புப் பூச்சியைத் தொடாதிருப்பது நல்லது. புற ஊதாக் கதிர் விளக்கு கட்டாயம். அது இல்லாவிட்டால் வைட்டமின் டி குறைந்து எலும்பு மெலியும், கால் வளையும், நாக்கு பாயாது. வெயில் காயும் கிளையில் 30 டிகிரி செல்சியஸ் போதும். விருத்தாசலத்துக் கோடையோ 40-ஐத் தொடும். அக்னி நட்சத்திரத்தில் கூண்டை மொட்டை மாடியில் வைப்பது கொலைக்குச் சமம். வாயைத் திறந்தபடியே இருந்தால் உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும்.

பெண் முக்காட்டுப் பச்சோந்தி இணை சேராமலேயே முட்டை வைக்கும். ஈரமணல் ஓரடி ஆழத்துக்கு இல்லையென்றால் முட்டையை வெளியேற்ற முடியாமல் இறக்கக்கூடும். கையில் எடுத்துக் கொஞ்சும் பிராணியும் அல்ல இது. தொடுவதை அது விரும்புவதில்லை. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லாதவர் வாங்காமலிருப்பதே மேல்.

மழை விட்டதும் சாலையைக் கடக்கும் நாட்டுப் பச்சோந்தியைக் கண்டால் வண்டியை நிறுத்தி வழி விடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.