இணையருக்கு எட்டாத சிகிச்சை: இளம்பெண்களிடையே மீளும் பால்வினைத் தொற்று

கிளமிடியா, கொனோரியா இரண்டும் மருந்தால் தீரக்கூடிய தொற்றுகள். இருந்தும் சிகிச்சை பெற்ற பெண்களில் கணிசமானோருக்குச் சில மாதங்களிலேயே அதே தொற்று மீண்டும் காணப்படுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, பெண்களிடம் மீள்தொற்றின் இடைநிலை அளவு கிளமிடியாவில் ஏறத்தாழ 14 விழுக்காடு, கொனோரியாவில் 12 விழுக்காடு என்றது. வயது குறைந்தோரிடம் அது மேலும் கூடுதல். இதற்குப் பெண்ணின் பொறுப்பின்மையைக் காரணம் சொல்லிவிடுவது எளிது. அந்தத் தீர்ப்பு தவறானது. சிகிச்சையை ஒருத்தியின் உடலோடு முடித்துக்கொள்ளும் மருத்துவ வழக்கத்தைத்தான் நாம் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

மீண்டும் தென்படும் கிருமி பழையதா, புதிதாகத் தொற்றியதா என்பதே அடிப்படைக் கேள்வி. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பதின்ம வயதுப் பெண்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு, கிருமியின் மரபு வகையையும் உறவு விவரங்களையும் ஒப்பிட்டு இதற்கு விடை தேடியது. 2010-இல் வெளியான அதன் முடிவுப்படி, மீண்ட கிளமிடியாத் தொற்றுகளில் சுமார் 84 விழுக்காடு மறுதொற்று. மருந்து பலிக்காமல் போனதாகக் கருதத்தக்கவை 14 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆக, பெரும்பாலும் மருந்து தன் வேலையைச் செய்துவிடுகிறது. மறுதொற்றுக்குப் புதிய உறவும் காரணமாகலாம், உண்மைதான். ஆனால் கிளமிடியா ஆண்களிடமும் பெரும்பாலும் அறிகுறியின்றியே தங்கியிருக்கும். தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பும் இணையர் மருத்துவரிடம் போவதில்லை. குணமான பெண் அதே உறவுக்குத் திரும்பும்போது அவளுடைய ஒழுங்கு மட்டும் அவளைக் காக்காது.

மீள்தொற்றைச் சிறு தொல்லையாக எண்ணுவதற்கும் இடமில்லை. விஸ்கான்சின் மாநிலப் பதிவுகளை ஆராய்ந்த 1997-ஆம் ஆண்டு ஆய்வில், கிளமிடியா ஒருமுறை வந்தவர்களைவிட இருமுறை வந்தவர்கள் கருப்பைக்கு வெளியே கரு தங்கி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு இருமடங்கு; மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு நான்கரை மடங்கு. ஒவ்வொரு தொற்றும் கருக்குழாயில் தழும்பை விடக்கூடும். அதன் விலையைக் கொடுப்பவள் பெண் மட்டுமே.

இந்த மறுதொற்றைத் தடுக்க, இணையருக்கான மருந்தை நோயாளியிடமே கொடுத்தனுப்பும் முறை அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டது. 2005-இல் வெளியான அதன் முடிவில், பின்னர் கொனோரியா காணப்பட்டவர்கள் வழக்கமான முறையில் 11 விழுக்காடு, புதிய முறையில் 3 விழுக்காடு. கிளமிடியாவில் பயன் சிறிது: 13-க்கு எதிராக 11; அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். என் வாதத்தின் எல்லையை இந்த எண்கள் வரைகின்றன என்பதை ஏற்கிறேன். மருந்து கையில் சேர்ந்தால் மட்டும் போதாது, இணையர் அதை விழுங்கவும் வேண்டும். பரிசோதிக்காமல் மருந்து தருவது ஒவ்வாமைக்கும் மருந்தெதிர்ப்புக்கும் வழிவிடும் என்ற மறுப்பும் நியாயமானதே. கொனோரியாவுக்கு ஊசி மருந்தே சிறந்ததென்பதால், வரக்கூடிய இணையரை நேரில் வரவழைப்பதே முதல் தெரிவு. ஆனால் மாத்திரையோடு ஒப்பிட வேண்டியது பெரும்பாலான நேரங்களில் நேரடிப் பரிசோதனையை அல்ல. எந்தச் சிகிச்சையும் இல்லாத நிலையை. இணையரிடம் சொன்னால் அடி விழும் என்று அஞ்சும் பெண்ணிடம் மட்டும் இந்தப் பொறுப்பை ஒருபோதும் சுமத்தக் கூடாது. அங்கே நலப்பணியாளர், அவள் பெயரை வெளியிடாமல், தாமே இணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அறிவுரையின் பயனை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் சிறுபான்மை இனப் பெண்களுக்குச் சிறுகுழுக்களாக, அவர்களுடைய பண்பாட்டை ஒட்டி நடத்தப்பட்ட பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் தொற்று கண்டவர்கள் 16.8 விழுக்காடு; அதில் சேராத ஒப்பீட்டுக் குழுவில் 26.9 (1999). அது கண்டிப்பால் வந்த பயன் அல்ல. தடுப்பு மாத்திரையே போதும் என்ற நம்பிக்கையும் சோதனையில் நிற்கவில்லை: கென்யாவின் கிசுமுவில் உறவுக்குப் பின் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எடுக்கச் சொல்லப்பட்ட பெண்களிடம் தொற்று குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அவர்களில் பலர் மருந்தை எடுக்கவே இல்லை என்பதை முடி மாதிரிகள் காட்டின. அவர்கள் ஏன் எடுக்கவில்லை என்பதை அந்தப் பெண்களிடமே கேட்டறியாமல் அடுத்த திட்டத்தை வகுப்பது வீண்.

எனவே முதல் மாத்திரையைத் தரும் அன்றே மூன்று மாதத்துக்குப் பின்னான மறுபரிசோதனைக்கும் நாள் குறிக்க வேண்டும். இணையர் மருந்து எடுத்ததாகச் சொன்னாலும் மறுபரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. மருத்துவமனைக்கு வர இயலாதவள் தானே யோனி மாதிரி எடுத்து அனுப்பவும் வழி வேண்டும். இவற்றுக்கான செலவு, ஒரு கருக்குழாய் அறுவைச் சிகிச்சையின் செலவோடு ஒப்பிடத்தக்கதே அல்ல.