பரப்பா, பருமனா? இடிதாங்கி வழக்கு நமக்குச் சொல்வது

சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தின் கோபுரம் ஏறத்தாழ 160 அடி உயரம் உடையது. ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட 1882ஆம் ஆண்டிலேயே, இத்தகைய உயர்ந்த கட்டடங்களை மின்னலிலிருந்து காப்பது பற்றிய இடிதாங்கி மாநாட்டின் அறிக்கை இலண்டனில் வெளிவந்தது. எந்த உலோகம், எந்த வடிவம் என்ற நெடுநாள் வழக்கைத் தீர்க்க முயன்ற ஆவணம் அது.

கப்பல்களின் பாய்மரங்களில் செப்புத் தகடு பதித்த வில்லியம் ஸ்னோ ஹாரிஸ், கடத்தியின் பரப்பே முதன்மையானது என்றார். மைக்கேல் ஃபாரடேயோ குறுக்குவெட்டுப் பருமனே முக்கியம் என்றார். இத்தனைக்கும், 1836இல் 12 அடிக் கனசதுர மரச்சட்டத்தைக் கம்பியாலும் வெள்ளீயத் தாளாலும் போர்த்தி, உள்ளே நின்று, மின்னூட்டம் வெளிப்பரப்பிலேயே தங்குவதைக் காட்டியவர் அவரே. காப்புறைக்கு மெல்லிய தாளே போதும் என்பதற்கு அதுவே சான்று.

1888இல் ஆலிவர் லாட்ஜ், மின்னல் நொடிக்குள் பன்முறை அலைவுறும் பாய்ச்சல் என்று வாதிட்டார். வில்லியம் ப்ரீஸ் மறுத்தார். விரைந்து மாறும் மின்னோட்டம் உலோகத்தின் தோலிலேயே செல்லும். செம்பில் அதன் ஆழம் 50 ஹெர்ட்ஸில் சுமார் 9 மில்லிமீட்டர். 10 லட்சம் ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு.

எனவே ஹாரிஸ் வென்றார், ஃபாரடே தோற்றார் என்று எழுதுவது வரலாற்றுப் பிழை. உருகாமல் தாங்கப் பருமன் வேண்டும். விரைவான பாய்ச்சலுக்குப் பரப்பு வேண்டும். இருவரும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தந்தனர்.

அதிகம் பேசப்படாத மூன்றாவது வினா இணைப்பு. மூட்டுகளைத் தூய்மையாக்கி, முறுக்கியபின் பற்றவைக்கவும் வேண்டும் என்று 1882 அறிக்கையே வலியுறுத்தியது. ஆர்யபட்டா செயற்கைக்கோளை உருவாக்கிய இதே பெங்களூரில் இன்றும் அக்கவலை தீரவில்லை. அலுமினியம் நல்ல கடத்தி. ஆனால் காற்றுப் பட்டவுடன் அதன்மேல் படியும் ஆக்சைடு மின்காப்பி. ஆனோடைசிங் அப்படலத்தை மேலும் தடிப்பாக்கும். ஆகவே மின்னணுப் பெட்டிகளின் தொடுமுகங்களுக்குக் குரோமேட் பூச்சு வந்தது; அரிப்பைத் தடுத்தபடியே மின்னைக் கடத்துவது அதன் சிறப்பு. அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் தொழிலாளரின் நுரையீரலுக்கு நஞ்சு என்பதால், இப்போது மாற்றுப் பூச்சுகள் தேடப்படுகின்றன.

பொருள்களின் வரலாற்றை ஆராயும் மாணவர்கள் உலோகத்தின் பெயரோடு நின்றுவிடலாகாது. அதன் மேற்பரப்பையும், அதைப் பூசிய கைகளையும் சேர்த்தே வினவ வேண்டும்.